புயலுக்கு முன்பே கவுண்டி ஆபீஸ்: அமெரிக்காவில் பண்ணை தொடங்கியவர்களுக்குப் பேரிடர் நிவாரண வழிகாட்டி

டெக்சாஸில் பத்து ஏக்கரோ இருபது ஏக்கரோ வாங்கி, ஆடு வளர்க்கவோ வெண்டை, பாகல், முருங்கை போடவோ தொடங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாரம் முழுக்க ஐடி வேலை, சனி ஞாயிறு பண்ணை என்று இருப்பவர்களே இதில் அதிகம். நிலப்பதிவு, வேலி, போர்வெல் என்று எல்லாவற்றையும் விசாரித்துச் செய்கிறார்கள். விட்டுப்போவது ஒன்றுதான். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயல் மாதிரி ஒன்று வந்து ஆடுகள் விறைத்துச் சாகும்போதும், 2024 ஜூலையில் வந்த பெரில் மாதிரி ஒரு புயல் பந்தலைச் சாய்க்கும்போதும்தான் ‘கவர்மென்ட்ல ஏதாவது குடுப்பாங்களா?’ என்ற கேள்வியே எழுகிறது.

கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி, பேரிடர் வருவதற்கு முன்பே காகிதத்தில் விவசாயியாகப் பதிந்திருப்பவருக்குத்தான் போகிறது. நிலத்தில் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கோப்பில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மழை வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது

பேரிடர் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபீமா. வீடு இடிந்தால் அங்கே போகலாம். பயிர், கால்நடை, மேய்ச்சல், பண்ணை வேலி எல்லாம் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கீழ் வரும் பண்ணைச் சேவை முகமையின் பொறுப்பு. எஃப்எஸ்ஏ என்றால்தான் ஊரில் தெரியும். ஃபீமாவில் விண்ணப்பித்துவிட்டு, பண்ணைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அங்கே காத்திருக்கும் நாளில் இங்கே கெடு முடிந்துவிடும்.

எஃப்எஸ்ஏவுக்கு அனேகமாக ஒவ்வொரு விவசாயக் கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஓர் அலுவலகம் இருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று கவுண்டிக்குச் சேர்த்து ஒன்று. ‘யுஎஸ்டிஏ சர்வீஸ் சென்டர்’ என்று பலகை போட்டிருப்பார்கள், யுஎஸ்டிஏ என்பது வேளாண்மைத் துறையின் சுருக்கம். நீங்கள் குடியிருக்கும் கவுண்டி எது என்பது இங்கே கணக்கில்லை. நிலம் எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அந்த அலுவலகம்தான் உங்களுடையது. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள். வறட்சி அறிவிப்பு, பயிர்க் கெடுநாள், விளைச்சல் சராசரி என எல்லாமே கவுண்டி வாரியாகத்தான் ஓடும். பக்கத்துக் கவுண்டி நண்பர் சொல்லும் தேதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் ஆள் குறைவு. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருக்கும் பெற்றோர் பெயரில் பண்ணை இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

முதல் படி: பண்ணை எண்

‘எனக்கு ஏஜி எக்ஸெம்ப்ஷன் இருக்கிறதே, அப்போது நான் பதிவான விவசாயிதானே?’ என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. அது டெக்சாஸில் சொத்துவரியைக் குறைப்பதற்காகக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகம் தருவது. எஃப்எஸ்ஏவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஆவணத்தை நீட்டினால் இங்கே ‘உங்கள் ஃபார்ம் நம்பர் என்ன?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

அந்த எண்ணை வாங்குவதுதான் முதல் வேலை. நிலப்பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், எல்எல்சி என்ற நிறுவன அமைப்பு வைத்து வாங்கியிருந்தால் அதன் வரி எண்ணும் பதிவுப் பத்திரங்களும், கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்பதற்கான சான்றும், வங்கிக் கணக்கு விவரமும் எடுத்துப் போங்கள். அலுவலர் கணினியில் உங்கள் நிலத்தின் வான்வழிப் படத்தைத் திறப்பார். ஒவ்வொரு வயலையும் சுற்றி ஒரு கோடு இருக்கும். அதற்குள் ஓர் எண், எத்தனை ஏக்கர் என்பது தசமப் புள்ளியோடு. பண்ணைக்கு ஓர் எண், அதற்குள் துண்டு எண், துண்டுக்குள் வயல் எண். நம் ஊர்ச் சர்வே எண்ணும் உட்பிரிவும் மாதிரிதான். அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பின்னால் எந்த விண்ணப்பம் போட்டாலும் இந்த எண்களைத்தான் எழுத வேண்டும்.

பெரும்பாலும் உங்கள் நிலத்துக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்கும், பழைய உரிமையாளர் பெயரில். பெயர் மாற்றம் தானாக நடக்காது. கவுண்டி எழுத்தரிடம் பத்திரம் பதிந்தது வேறு, இங்கே கோப்பு மாறுவது வேறு. பெரிய பண்ணையிலிருந்து பிரித்து வாங்கிய துண்டு என்றால் பிரிப்பு வேலைக்குக் கொஞ்ச காலம் எடுக்கும். நிலம் வாங்கிய கையோடு போகச் சொல்வது அதனால்தான்.

விசா பற்றி இடையில் ஒரு வார்த்தை

இதை நம்மவர்கள் யாரும் பேசுவதே இல்லை, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், அதாவது எச்1பி விசாவில் இருப்பவரும்கூட, விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏவிடம் தெரிவிக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் விவசாய நில முதலீட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. படிவம் எஃப்எஸ்ஏ-153. மொத்தம் பத்து ஏக்கருக்கு மேற்படாத நிலமாகவும், அதில் வரும் விளைபொருள் விற்பனை ஆண்டுக்கு 1,000 டாலரைத் தாண்டாமலும் இருந்தால் விலக்கு உண்டு. தெரிவிக்காமல் விட்டால் அபராதம் வாரக் கணக்கில் ஏறி, நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம்.

நிவாரணத்திலும் இது தட்டும். பெரும்பாலான திட்டங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான். குடும்பத்தில் ஒருவருக்குக் கிரீன் கார்டு, மற்றவருக்கு எச்1பி என்றால், பண்ணையை யார் பெயரில், எந்த அமைப்பில் நடத்துவது என்று நிலம் வாங்கும் முன்பே வழக்கறிஞரிடமும் எஃப்எஸ்ஏவிடமும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: அடிப்படைக் கோப்பு

எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்தத் தாள்கள் கோப்பில் இருக்க வேண்டும். ஏடி-2047 உங்கள் அடிப்படை விவரம். சிசிசி-902 பண்ணையை யார் நடத்துகிறார், பணம், உழைப்பு, நிலம் யாருடையது என்பது. கூட்டாகவோ எல்எல்சியாகவோ இருந்தால் உறுப்பினர் பட்டியலுக்கு சிசிசி-901. வருமான உச்சவரம்புக்கு சிசிசி-941. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் பொதுவாகப் பணம் கிடைக்காது. ஐடி சம்பளம் இரண்டு சேர்ந்தாலும் இந்த வரம்பு அனேகமாக யாரையும் தடுக்காது.

ஏடி-1026 மட்டும் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியது. ‘எளிதில் அரிக்கும் மண்ணில் அனுமதியில்லாமல் உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்யமாட்டேன்’ என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. வாங்கிய நிலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்வான மூலை இருக்கிறது, மண் அடித்து மேடாக்கிப் பயிர் வைக்கலாம் என்று நினைத்தால், ஜேசிபி கூப்பிடுவதற்கு முன் அதே கட்டடத்தில் இருக்கும், மண்வளப் பாதுகாப்பைக் கவனிக்கும் என்ஆர்சிஎஸ் பிரிவில் கேளுங்கள். அந்த ஒரு மூலைக்காக முழுப் பண்ணையும் எல்லா உதவியையும் இழக்க நேரலாம்.

சிசிசி-860 என்ற இன்னொரு தாளை மறந்துவிடாதீர்கள். பண்ணை நடத்தத் தொடங்கி பத்து ஆண்டுக்கு மேல் ஆகாத ‘தொடக்கநிலை விவசாயி’ நீங்கள் என்று அதில் பதிகிறீர்கள். இந்த ஒரு தாள் தரும் சலுகைகள் கீழே பல இடத்தில் வரும். எல்எல்சி என்றால் உறுப்பினர்களில் எத்தனை பேர் தொடக்கநிலையினராக இருக்க வேண்டும் என்பதையும் அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டுதோறும் பயிர்ப் பதிவு

நம் ஊரில் அடங்கல் எழுதுவது போல, இந்த ஆண்டு எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எப்போது நட்டது, தண்ணீர் பாய்ச்சுகிறீர்களா, யாருக்கு எத்தனை பங்கு என்று எஃப்எஸ்ஏ-578 படிவத்தில் பதிய வேண்டும். வசந்தகாலத்தில் விதைக்கும் பல பயிர்களுக்கு ஜூலை 15 கெடு, இலையுதிர் காலப் பயிர்கள் பலவற்றுக்கு டிசம்பர் 15. காய்கறிகளுக்குத் தேதி வேறாக இருக்கும், உங்கள் கவுண்டிக்கான பட்டியலைக் கேட்டு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

மேய்ச்சல் புல் மட்டும்தான் இருக்கிறது, அதையும் பதிய வேண்டுமா என்றால், ஆம். வறட்சி வந்தால் அந்தப் புல்லுக்குத்தான் பணம்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. ஏஜி வரிச்சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மாடு மேய்க்கவோ வைக்கோல் புல் அறுக்கவோ விட்டிருப்பார்கள். ரொக்கக் குத்தகை என்றால் நட்டத்தைத் தாங்குகிறவர் அவர்தான், எனவே நிவாரணமும் அவருக்குத்தான். நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் ஒன்றும் வராது. பங்குக் குத்தகை என்றால் பங்குப்படி இருவருக்கும். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நட்பைக்கூட இந்தப் பணம் கெடுத்துவிடும்.

நான்காம் படி: காய்கறிக்கு ‘நாப்’

சோளம், பருத்தி, சோயா மாதிரிப் பயிர்களுக்குத் தனியார் முகவர் மூலம் மத்திய அரசு மானியத்தோடு பயிர்க் காப்பீடு கிடைக்கும். பாகல், புடலை, முருங்கை, கறிவேப்பிலை என்று போய்க் கேட்டால் முகவர் விழிப்பார். அப்படிக் காப்பீடு இல்லாத பயிர்களுக்காகவே எஃப்எஸ்ஏ நடத்தும் திட்டம் நாப். விற்பனைக்காக விளைவிக்கும் பயிராக இருக்க வேண்டும், வீட்டுக் கொல்லைத் தோட்டம் சேராது. நம் காய்கறி போடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இது பேரிடருக்குப் பின் கேட்டு வாங்குவது அல்ல, முன்பே சேர வேண்டியது. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கெடுநாள் உண்டு. விண்ணப்பம் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பும் தொடங்கும். புயல் செய்தி டிவியில் வந்தபின் ஓடினால் பயனில்லை.

கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825 டாலர். தொடக்கநிலை விவசாயிக்கு இந்தக் கட்டணமே இல்லை. அதாவது சிசிசி-860 கோப்பில் இருந்தால் அடிப்படைப் பாதுகாப்பு இலவசம்.

அடிப்படைப் பாதுகாப்பில், எதிர்பார்த்த விளைச்சலில் பாதிக்கு மேல் போனால்தான் பணம், அதுவும் சராசரிச் சந்தை விலையில் 55 சதவீதத்துக்கு. கூடுதல் பிரீமியம் கட்டினால் விளைச்சலில் 65 சதவீதம் வரை, முழுச் சந்தை விலைக்கும் பாதுகாப்பு வாங்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வெண்டைக்கு எதிர்பார்த்த விளைச்சல் 10,000 பவுண்டு, விலை பவுண்டுக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆலங்கட்டி மழையில் போனது போக 2,000 பவுண்டுதான் அறுத்தீர்கள். அடிப்படையில் 5,000க்கும் 2,000க்கும் உள்ள வித்தியாசம் 3,000 பவுண்டு, அதற்கு 55 சென்ட் வீதம் 1,650 டாலர். 65 சதவீதப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் 6,500க்கும் 2,000க்கும் உள்ள 4,500 பவுண்டுக்கு முழு விலை, 4,500 டாலர். இதற்கான பிரீமியம் 6,500 டாலரில் 5.25 சதவீதம், சுமார் 341 டாலர். தொடக்கநிலை விவசாயிக்கு அதிலும் பாதி தள்ளுபடி, ஏறக்குறைய 171 டாலர். விற்பனைக்கென்று உண்மையாகவே பயிர் செய்கிறவர் இந்த 171 டாலரை யோசிக்காமல் கட்டலாம்.

இதெல்லாம் கணக்கு இருந்தால்தான். என்றைக்கு எத்தனை பவுண்டு பறித்தீர்கள், எந்தக் கடைக்கு, எந்தச் சந்தையில், என்ன விலைக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்தியக் கடைக்குக் கொடுக்கும் காய்க்குச் சீட்டு வாங்குங்கள். கோயில் வாசலில் ரொக்கத்துக்கு விற்றதையும் தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் சொந்த விளைச்சல் வரலாறு இப்படித்தான் உருவாகும். அது இல்லாதபோது கவுண்டிச் சராசரியை வைத்துத்தான் உங்களை அளப்பார்கள்.

ஐந்தாம் படி: பேரிடர் வந்த அன்று

முதலில் மனிதர்களும் கால்நடைகளும். அது முடிந்ததும் கைபேசி.

எதையும் அப்புறப்படுத்தும் முன் படம் எடுங்கள். சாய்ந்த பந்தல், தண்ணீர் நிற்கும் வயல், செத்த ஆடு, இடிந்த வேலி. இருப்பிடக் குறி, தேதி இரண்டும் படத்தில் பதியும்படி அமைப்பை முன்பே வைத்திருங்கள். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று எடுங்கள். வயலின் மூலையில் நின்று எடுத்தால் எந்த வயல் என்பது வான்வழிப் படத்தோடு ஒப்பிடச் சுலபம்.

அடுத்து அலுவலகத்துக்கு அறிவிப்பு. நாப்பில் இருக்கும் பயிர் என்றால், பேரிடர் நடந்த நாளிலிருந்தோ நட்டம் தெரிந்த நாளிலிருந்தோ 15 நாளுக்குள் சிசிசி-576 படிவத்தில் நட்ட அறிவிப்பு தர வேண்டும். வழக்கமான அறுவடை நாள் அதற்கும் முன்பே வந்தால் அதிலிருந்து 15 நாள். கையால் பறிக்கும் பயிர்களுக்குக் கெடு இன்னும் குறுகியது. நட்டம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம் காய்கறிகள் எல்லாமே கையால் பறிப்பவைதான். வெள்ளிக்கிழமை மாலை புயல், அலுவலகம் மூடியிருக்கிறது என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள், குரல் பதிவில் செய்தி விடுங்கள். அனுப்பிய நேரம் பதிவில் இருக்கட்டும்.

இன்னொன்று மிக முக்கியம். கெட்ட பயிரை உழுது அடுத்ததை நட அவசரமாக இருக்கும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் முன், அல்லது அலுவலகம் எழுத்தில் அனுமதி தரும் முன், அழித்துவிடாதீர்கள். தாமதமானால், மாதிரிக்கு எத்தனை வரிசையை விட்டுவைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

போன் செய்யும் ஒவ்வொரு முறையும் தேதி, பேசியவர் பெயர், சொன்னது என்ன என்று நோட்டில் எழுதுங்கள். நேரில் போனால் ‘ரெசீட் ஃபார் சர்வீஸ்’ கேளுங்கள். நீங்கள் எந்த நாளில் வந்து என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதித் தரும் சீட்டு அது. ‘பிறகு வாருங்கள்’ என்று வாயால் அனுப்பப்பட்டு, பின்னால் ‘நீங்கள் வரவே இல்லையே’ என்று கேட்பவர்களிடம் காட்ட வேறு சான்று இருக்காது.

ஆடு, மாடு, கோழி செத்தால்

கால்நடை இழப்பீட்டுத் திட்டம், சுருக்கமாக எல்ஐபி, 2014 பண்ணைச் சட்டத்திலிருந்து நிரந்தரமாக இருக்கிறது. முன்கூட்டிச் சேரவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை. கடுங்குளிர், கடும் வெப்பம், வெள்ளம், புயல், மின்னல், காட்டுத்தீ போன்றவற்றால் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தால் சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவீதம். 2024 பிப்ரவரி கடைசியில் டெக்சாஸின் வடமுனையில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீயில் மாடுகளை இழந்த பண்ணைகளுக்கு இருந்த முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று.

‘வழக்கத்தைவிட அதிகம்’ என்பதில்தான் சிக்கல். எந்த மந்தையிலும் ஆண்டுக்குச் சில உயிர் போகும் என்று ஒரு விகிதத்தை வகைவாரியாக வைத்திருக்கிறார்கள். அது 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60 ஆட்டில் 3 கழிந்துவிடும். குளிரில் 15 செத்தால் 12க்குத்தான் பணம். ஆக, 60 ஆடு இருந்தது என்பதை நிரூபிப்பது 15 செத்தது என்பதை நிரூபிக்கும் அளவுக்கு முக்கியம். வாங்கிய ரசீது, காதுப் பட்டை எண், குட்டி போட்ட தேதி, விற்ற ஏலச் சீட்டு, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் வையுங்கள். ஜனவரி முதல் தேதி மந்தையை எண்ணிப் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். செத்தபின் கால்நடை மருத்துவரின் கடிதம், புதைத்த இடத்தின் படம், பக்கத்துப் பண்ணைக்காரரின் சாட்சி ஆகியவை உதவும்.

நரி மாதிரியான கயோட்டியோ தெருநாயோ கடித்துக் கொன்றால் இதில் வராது. மத்தியச் சட்டம் பாதுகாக்கும் அல்லது மத்திய அரசு மீண்டும் காட்டில் விட்ட விலங்குகள் கொன்றால் மட்டுமே வரும். கழுகு அதில் ஒன்று. 2025 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பின் அப்படிப்பட்ட இழப்புக்கு முழுச் சந்தை மதிப்பும் தருகிறார்கள். வறட்சியில் மெலிந்து செத்தாலும் பொதுவாக எல்ஐபியில் வராது. விண்ணப்பக் கெடு, இழப்பு நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1. அதற்காக மார்ச் வரை காத்திருக்காதீர்கள், சான்று ஆறிப்போகும்.

வறட்சி

வறட்சியில் மேய்ச்சல் போனால் எல்எஃப்பி என்ற திட்டம். இதில் நீங்கள் எதையும் நிரூபிக்க அலைய வேண்டாம், அமெரிக்க வறட்சி வரைபடம் அதைச் செய்துவிடும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள மையம், வேளாண்மைத் துறை மற்றும் வானிலை அமைப்புடன் சேர்ந்து வியாழன்தோறும் வெளியிடும் வரைபடம் அது. மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுண்டியின் எந்தப் பகுதியாவது தொடர்ந்து நான்கு வாரம் டி2 நிறத்தில், அதாவது கடும் வறட்சியில், இருந்தால் ஒரு மாதத் தொகை, எட்டு வாரத்தில் ஏழு வாரம் இருந்தால் இரண்டு. 2025க்கு முன் டி2வுக்கு எட்டு வாரம் தொடர்ந்து இருந்தால்தான் எதுவும் கிடைத்தது, இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். வறட்சி இன்னும் கடுமையாகி டி3, டி4 என்று போனால் ஐந்து மாதம் வரை. ஒரு மாதத் தொகை என்பது தீவனச் செலவுக் கணக்கில் 60 சதவீதம். புல் பதிவு எஃப்எஸ்ஏ-578இல் இருக்க வேண்டும், ஆடுமாடு வணிகத்துக்காக வளர்ப்பதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசைக்கு வைத்திருக்கும் இரண்டு ஆடு சேராது. வறட்சியில் தண்ணீர் லாரி வைத்துக் கொண்டுவந்த செலவுக்கும், தேனீப் பெட்டி இழப்புக்கும் ஈலாப் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். பழமரங்கள் சாய்ந்தால் மீண்டும் நடும் செலவில் 65 சதவீதம், தொடக்கநிலை விவசாயிக்கு 75 சதவீதம் தருவது டாப்.

வேலியும் கடனும்

வெள்ளம் வேலியை அடித்துப் போனால் ஈசிபி திட்டத்தில் சரிசெய்யும் செலவில் 75 சதவீதம் வரை, தொடக்கநிலை விவசாயிக்கு 90 சதவீதம் வரை. ஒப்புதல் வரும் முன் வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு போனதுதான். ஆடு ரோட்டுக்குப் போகிறதே என்றால், அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுத் தற்காலிகமாக மட்டும் கட்டுங்கள்.

கவுண்டியைப் பேரிடர்ப் பகுதி என்று வேளாண்மைத் துறைச் செயலர் அறிவித்தால், அந்தக் கவுண்டிக்கும் அதை ஒட்டிய கவுண்டிகளுக்கும் அவசரக் கடன் திறக்கும். அறிவித்த நாளிலிருந்து எட்டு மாதம் வரை விண்ணப்பிக்கலாம், உச்சம் 5,00,000 டாலர். கடன் கடன்தான், நிவாரணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

பெரிய பேரிடர்களுக்குப் பின் வரும் சிறப்புப் பணம்

செய்தியில் ‘விவசாயிகளுக்கு இத்தனை பில்லியன்’ என்று வருவது பெரும்பாலும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்குவது. 2020, 2021 இழப்புகளுக்கு 2021 செப்டம்பர் 30இல் 10 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். 2023, 2024 இழப்புகளுக்கான சட்டம் 2024 டிசம்பர் 21இல்தான் கையெழுத்தானது, அதன் முதல் கட்ட விண்ணப்பம் 2025 ஜூலை 10இல்தான் தொடங்கியது. 2023இல் போன பயிருக்கு 2025இல் பணம். அந்த முதல் கட்டத்தில் கணக்கிட்ட தொகையில் முதலில் 35 சதவீதம்தான் கொடுத்தார்கள்.

யாருக்கு முதலில் கிடைத்தது என்று பாருங்கள். காப்பீடோ நாப்போ வைத்திருந்து அதில் இழப்பீடு வாங்கியவர்களுக்கு, விவரம் நிரப்பிய விண்ணப்பமே தபாலில் வந்தது. மற்றவர்களுக்கான இரண்டாம் கட்டம் அதே ஆண்டு நவம்பர் பிற்பகுதியில்தான் திறந்தது. பணம் வாங்கிய எல்லோரும் அடுத்த இரண்டு ஆண்டுக்குக் காப்பீடோ நாப்போ எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை மீறினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும். இந்தப் பணத்தை நம்பிப் பண்ணை நடத்த முடியாது. ஆனால் கோப்பு ஒழுங்காக இருந்தால், அது வரும் நாளில் நீங்கள் வரிசையின் முன்னால் இருப்பீர்கள்.

பணம் வந்தபின், வராவிட்டால்

பணம் நேராக வங்கிக்கு வரும். அது வருமானம், வரி உண்டு. 1099-ஜி படிவம் வரும், வரிக் கணக்கில் பண்ணை வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப்பில் காட்ட வேண்டும். வழக்கமாக அடுத்த ஆண்டில் விற்கும் பயிர் என்றால், பயிர் இழப்புக்கான தொகையை அடுத்த ஆண்டு வருமானமாகக் காட்ட வழி இருக்கிறது. சம்பளம் அதிகமாக இருக்கும் ஆண்டில் இது நல்ல உதவி, கணக்காளரிடம் பேசுங்கள். மத்திய அரசுக்கு வரிப் பாக்கி இருந்தால் இந்தப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். முதலில் காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு தேதியோ ஒரு தாளோதான் காரணமாக இருக்கும். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம், சமரச ஏற்பாடு கேட்கலாம், அல்லது துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நோட்டும் ரெசீட் ஃபார் சர்வீஸ் சீட்டுகளும் அங்கேதான் கைகொடுக்கும்.

இந்தக் கவுண்டிக் குழு என்பது அதிகாரிகள் அல்ல, விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள். மூன்று ஆண்டுப் பதவி. உங்கள் கவுண்டியில் எந்தப் பயிருக்கு என்ன விளைச்சல், என்ன கெடு என்பதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. முருங்கையும் பாகலும் என்னவென்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் நம் விண்ணப்பங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று யோசியுங்கள். பண்ணை எண் வாங்கித் திட்டங்களில் பங்கேற்பவர்கள் ஓட்டுப் போடலாம், நிற்கவும் நிற்கலாம். வேட்பு மனு வழக்கமாக ஆகஸ்ட் 1க்குள். வாக்குச்சீட்டு நவம்பரில் தபாலில் வரும், டிசம்பர் தொடக்கத்துக்குள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும்.